பாம்பர்ஸ் வாங்கின அடி

ஜெராக்ஸ் மாதிரி பாம்பர்ஸும் நம்ம வீடுகள்ல பொதுப்பெயர் ஆயிடுச்சு. எந்தக் கம்பெனி டயப்பரா இருந்தாலும் "பிள்ளைக்குப் பாம்பர்ஸ் போட்டு விடு"தான் (சில வீடுகள்ல ஹக்கீஸ்). அந்தப் பேருக்குச் சொந்தக்காரரான ப்ராக்டர் அண்ட் கேம்பிள், சுருக்கமா பி அண்ட் ஜி, ஜப்பானில் சந்தையில் பத்துக்கு ஒன்பது பங்கைக் கையில் வச்சிருந்தது. பிறகு சில வருஷத்துக்குள்ள பத்தில் ஒரு பங்குக்கும் கீழே போனது. எப்படின்னு பார்ப்போமா?

முதல்ல கொஞ்சம் பூர்வீகம். பி அண்ட் ஜி-யில் விக்டர் மில்ஸ்னு ஒரு கெமிக்கல் எஞ்சினியர். பேரப்பிள்ளைக்குத் துணி மாத்தி அலுத்துப்போய் 1950களில் இந்த யோசனையைக் கிளப்பினார்னு சொல்வாங்க. 1961 டிசம்பர்ல அமெரிக்காவின் பியோரியா நகரத்தில் வெள்ளோட்டம். ஒண்ணு 10 சென்ட். அம்மாக்களுக்குப் பிடிச்சது, ஆனா வாங்கலை. துணியைத் துவைச்சுக்கிறதே மலிவா இருந்தது. மெஷினை வேகப்படுத்தி விலையை 6 சென்ட்டுக்குக் கொண்டு வந்த பிறகுதான் சரக்கு நகர்ந்தது. டயப்பர் வியாபாரத்தின் அரிச்சுவடி இதுதான்: ஒருதடவை போட்டுத் தூக்கி எறியற பொருளுக்கு யாரும் யோசிச்சு யோசிச்சுக் காசு கொடுக்க மாட்டாங்க.

அதே பியோரியாவில்தான் அமெரிக்க விவசாயத் துறையின் ஆராய்ச்சிக்கூடமும் இருக்கு. அங்கே மக்காச்சோள மாவுச்சத்தை வச்சு ஒரு பொடி செஞ்சாங்க. தன் எடையைப் போலப் பல நூறு மடங்கு தண்ணியை உறிஞ்சி ஜெல்லி மாதிரி ஆகிற பொடி. "சூப்பர் ஸ்லர்ப்பர்"னு செல்லப்பேர். நிலத்தில் ஈரம் காக்கலாம்ங்கிறது மாதிரி விவசாய யோசனைகள்தான் அப்போ நிறைய. ஆனா இந்த வகைப் பொடியை முதல்ல நாப்கினில் வச்சு வித்தது ஜப்பான்காரங்க, 1978-ல். இன்னிக்கு டயப்பருக்குள்ள இருக்கிறது மாவுச்சத்து இல்லை, பாலிஅக்ரிலேட்டுங்கிற ரசாயனம். வேலை அதே வேலைதான்.

சரி, ஜப்பானுக்குப் போவோம். 1977-ல் பாம்பர்ஸ் அங்கே இறங்கியது. எதிரியே இல்லாத மைதானம். கொண்டு போனது அமெரிக்காவில் வித்த அதே சரக்கு: மரக்கூழை அடைச்ச தடிமனான டயப்பர். ஜப்பான் வீடுகளோ சின்னது, அலமாரியில் இடம் கிடையாது. குழந்தைகளும் கொஞ்சம் சின்ன உடம்பு. விளம்பரத்தில் வேற ஒரு நாரை டயப்பரைத் தூக்கிட்டு வரும்! குழந்தையை நாரை கொண்டு வருதுங்கிறது வெள்ளைக்காரப் பாட்டி கதை. ஜப்பான் பாட்டி கதையில் பிள்ளை பீச் பழத்துக்குள்ளேர்ந்து வரும். பார்த்தவங்க திருதிருன்னு முழிச்சாங்களாம் :-)

இந்த நேரத்தில்தான் யூனிசார்ம் வந்தது. 1961-ல் கட்டுமானப் பொருள் கம்பெனியா ஆரம்பிச்சு, 1963-ல் நாப்கினுக்கு மாறினவங்க. 1981-ல் "மூனி"ன்னு ஒரு டயப்பரை விட்டாங்க. உடம்போடு ஒட்டி நிக்கிற வெட்டு, தொடையில் எலாஸ்டிக். 1983-ல் காவோ கம்பெனி "மெரீஸ்" கொண்டு வந்தது. அந்தப் பொடியும் உள்ளே சேர்ந்ததும் டயப்பர் மெலிஞ்சது, ஒழுகறதும் குறைஞ்சது. 1985-ல் பாம்பர்ஸின் பங்கு பத்து சதவீதத்துக்குக் கீழே.

பி அண்ட் ஜி-க்குத் தொழில்நுட்பம் தெரியாமப் போச்சான்னு கேட்டா, அதுதான் இல்லை. அமெரிக்காவில் 1976-லேயே "லவ்ஸ்"னு இன்னொரு டயப்பரை விட்டாங்க. அதுல எலாஸ்டிக் உண்டு, நல்ல வடிவமும் உண்டு, விலையும் கூட. பாம்பர்ஸ் மட்டும் பழைய செவ்வகமாவே இருந்தது. அதை மாத்தினா ஓடிட்டு இருக்கிற மெஷின்களையும் மாத்தணுமே! மூத்த பிள்ளைக்குப் பழைய சட்டை, இளையவனுக்குப் பட்டு. 1978-ல் வந்த கிம்பர்லி கிளார்க்கின் ஹக்கீஸ் இந்த இடைவெளியில்தான் புகுந்தது. 1985-ல் பி அண்ட் ஜி-யின் வருஷ லாபம் முப்பது வருஷத்துக்கு மேல கழிச்சு முதல்தடவையா இறங்கியது. கடைசியில் சுமார் 50 கோடி டாலர் கொட்டி மெஷின்களை மாத்தினாங்க. பொடி வச்ச மெல்லிய "அல்ட்ரா பாம்பர்ஸ்" 1986-ல் அமெரிக்கக் கடைகளுக்கு வந்தது. ஜப்பானில் உதை வாங்கலைன்னா அது இன்னும் தள்ளிப் போயிருக்கும்ங்கிறது என் எண்ணம். தொண்ணூறு சதவீதம் கையில் இருக்கிறப்போ அம்மாக்கள் முணுமுணுக்கிறது யார் காதுல விழும்?

இந்தியாவிலும் கிட்டத்தட்ட இதே ஆட்டம். ஹக்கீஸ் முன்னாடியே இருந்தது, பாம்பர்ஸ் 2006-ல் வந்தது. பின்னாடி வந்த யூனிசார்ம், ஒட்டுற டேப்பை விட்டுட்டு "மாமிபோக்கோ பேன்ட்ஸ்"ஸை முன்னால் தள்ளியது. கையும் காலும் உதைக்கிற குழந்தையைப் படுக்க வச்சு டேப் ஒட்டுற கொடுமை அனுபவிச்சவங்களுக்குத் தெரியும். இது ஜட்டி மாதிரி இழுத்து விட்டா முடிஞ்சது, எங்க வீட்டுப் பாட்டிக்கே ஒரு தடவைதான் சொல்லிக் கொடுக்க வேண்டியிருந்தது. அவங்க வந்த பிறகு மத்தவங்களும் பேன்ட் பக்கம் ஓடி வந்தாங்க.

ஜெயிச்ச ஜப்பானுக்கு இப்போ வேற தலைவலி. 2023-ல் அங்கே பிறந்த குழந்தைகள் ஏழே கால் லட்சம் சொச்சம்தான். யூனிசார்முக்கு உள்நாட்டில் குழந்தை டயப்பரைவிடப் பெரியவங்க டயப்பர் விற்பனை எப்பவோ மிஞ்சிடுச்சு. சீனாவிலும் பிறப்பு குறையுது, உள்ளூர் கம்பெனிகளின் போட்டி வேற. காவோ 2023-ல் அங்கே டயப்பர் தயாரிப்பையே நிறுத்தியது. 2001-ல் வருஷத்துக்கு 70 கோடி குழந்தை டயப்பர் செஞ்ச ஓஜி குழுமம், அது 40 கோடியா இறங்கினதும், 2024-ல் ஜப்பானில் அந்தத் தொழிலுக்கு மூடுவிழா நடத்தி, பெரியவங்க டயப்பர் பக்கம் திரும்பிட்டாங்க. குழந்தைகளுக்கான சரக்கை இந்தோனேசியாவிலும் மலேசியாவிலும் மட்டும் வச்சுக்கிட்டாங்க.