இத்தாலிய வினைமுற்றுகளின் அசைப்பிரிப்பும் உச்சாரணமும்

இத்தாலிய மொழியில் வினையின் காலமும் இடமும் பெரும்பாலும் ஈற்றினாலேயே உணர்த்தப்படுமாயினும், சிற்சில இடங்களில் மெய்யொன்று இரட்டிப்பதும், அழுத்தம் ஓரசையிலிருந்து மற்றோரசைக்குப் பெயர்வதுமே பொருளை அடியோடு மாற்றிவிடுகின்றமையின், அசைகளைப் பிழையறப் பிரித்துணர்தல் அம்மொழி பயில்வார்க்கு முதற்கடனாகும்.

பிரிக்கும் முறை தமிழ்ச் செவிக்கு முற்றும் புதிதன்று. பூந்தமல்லி என்னும் ஊர்ப்பெயரைப் பூந்-த-மல்-லி என நிறுத்திச் சொல்லுகையில் நகரமும் லகரமும் முன்னுள்ள உயிரோடு ஒட்டிக்கொள்வது போலவே, ‘பேசுகிறேன்’ எனப் பொருள்படும் பார்லோ பார்-லோ என்றும், ‘வந்தான்’ எனப் பொருள்படும் வென்னெ வென்-னெ என்றும் பிரியும். (யாப்பில் ‘தமல்’ ஒரே நிரையசை, ஈண்டு அசையென்றது உயிர்தோறும் அமையும் ஒலிக்கூற்றை.) ஸகரம் இதற்கு அடங்காது. ‘தங்குகிறேன்’ என்னும் ரெஸ்தோவை நாம் ரெஸ்-தோ என்போம். இத்தாலியர் எழுத்தில் வரி முறிக்க நேர்ந்தால் ரெ-ஸ்தோ என்றே பிரிப்பர்.

இரட்டித்தலே இங்குச் சுவையான பகுதி. பேவெ என்றால் குடிக்கிறான். பெவ்வெ என்றால் குடித்தான். மெய் இரட்டித்தவுடன் முன்னுள்ள உயிர் குறுகி, நிகழ்காலம் இறந்தகாலமாகிவிடுகிறது. புகு, விடு, பெறு என்பவை புக்கான், விட்டான், பெற்றான் என ஒற்று இரட்டித்து இறந்தகாலம் காட்டுவதை அறிந்த தமிழ் மாணாக்கனுக்கு இது பழகிய வழியே. யாதொரு உறவுமில்லாத இரு பாஷைகள் ஒரே உபாயத்தைக் கையாண்டமை வியப்புக்குரியது. பார்லெரேமொ என்பது ‘பேசுவோம்’ என உறுதி கூறும். மகரம் இரட்டித்துப் பார்லெரெம்மொ என்றாலோ, ‘வாய்ப்பிருந்தால் பேசுவோம்’ என வாக்குறுதி தளர்ந்துவிடும்.

அழுத்தம் நமக்குக் கடினமானது. பார்லோ என்பதில் முதலசையை அழுத்தினால் ‘பேசுகிறேன்’. ஈற்றசையை அழுத்தினால் ‘பேசினான்’. ஈற்றழுத்தத்திற்கு மட்டுமே எழுத்தின்மேல் குறி கட்டாயமாதலால், ‘பேசுகிறார்கள்’ என்னும் பார்லனொவை முதலசை அழுத்திச் சொல்லாமல், பார்லானொ என நடுவை நீட்டிவிடுவது கற்போரின் வழக்கமான பிழை.

தமிழ்நாட்டில் இவ்விரு பாஷைகளும் ஒருங்கே கைவரப்பெற்றவர், இத்தாலியில் பிறந்து 1730இல் தொன்னூல் விளக்கம் இயற்றிய வீரமாமுனிவர் (1680–1747). எகர ஒகரங்களின் குறில் நெடில் வடிவங்களை வேறுபடுத்தித் தெளிவாக்கிய சீர்திருத்தம் அவருடையதென்றே வழங்கிவருகிறது. உயிரின் நீளம் தனித்துப் பொருளை மாற்றாத மொழியில் பிறந்தவர் இதனைச் செய்தது எண்ணத்தக்கது. குறில் எகரத்தைப் பிரித்துக்காட்டும் புள்ளியை இடாத பழைய ஓலையில், பூந்தமல்லியை அடுத்த செம்பரம்பாக்கத்து ஏரியை எரி என்றும் படித்திருக்கலாம்.