எண்ணெய்க்கு வேண்டிய டாலர்

2013 ஆகஸ்ட் 28 அன்று ஒரு டாலரின் விலை 68 ரூபாய் 85 காசைத் தொட்டது. மே மாதம் 22ஆம் தேதி அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் பென் பெர்னான்கி, பத்திரங்கள் வாங்குவதைப் படிப்படியாகக் குறைக்கலாம் என்று நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னபோது அது 55, 56 ரூபாய்தான். அந்தப் பேச்சால் பல நாட்டு நாணயங்கள் அடிவாங்கின. இந்தியாவுக்கு அடி பலமாக விழுந்ததற்குக் காரணம் உள்ளேயே இருந்தது. 2012-13இல் நடப்புக் கணக்குப் பற்றாக்குறை நாட்டு உற்பத்தியில் 4.8 சதவீதம். கச்சா எண்ணெயும் தங்கமும் வாங்கிய செலவு அதில் பெரும்பங்கு.

ரிசர்வ் வங்கி முதலில் வட்டியை உயர்த்தியது. வங்கிகளுக்கு அது தரும் அவசரக் கடனின் வட்டி, ஜூலை 15 இரவு 8.25 சதவீதத்திலிருந்து 10.25 சதவீதமானது. ரூபாய்க்கு வட்டி கூடினால் அதை விற்று டாலர் வாங்கத் தயங்குவார்கள் என்பது கணக்கு. அன்று டாலர் 60 ரூபாய்க்கு அருகில் இருந்தது. ஆறே வாரத்தில் 68ஐத் தாண்டியது. வட்டி ஏறினால் பழைய பத்திரங்களின் விலை இறங்கும். நஷ்டத்துக்கு அஞ்சிய வெளிநாட்டு முதலீட்டாளர் அவற்றை விற்று டாலராக்கிக்கொண்டு வெளியேறினார். அதைவிட முக்கியமான ஒன்று உண்டு. பணத்தை எங்கே போடலாம் என்று யோசிப்பவரைத்தான் வட்டி ஈர்க்கும். எண்ணெய் நிறுவனத்துக்கு அந்த யோசனையே கிடையாது. டாலர் என்ன விலை விற்றாலும் கப்பலில் வந்த எண்ணெய்க்குப் பணம் கட்டியாக வேண்டும். சிரியாவில் போர் மூளும் என்ற அச்சத்தில் பீப்பாய் விலையும் அந்த ஆகஸ்டில் 115 டாலருக்கு மேல் போனது.

அந்த 28ஆம் தேதி மாலையே ரிசர்வ் வங்கி வழியை மாற்றியது. இந்தியன் ஆயில், பாரத் பெட்ரோலியம், இந்துஸ்தான் பெட்ரோலியம் மூன்றும் சந்தைக்குப் போகாமல் தன்னிடமே டாலர் பெற்று, பின்னர் திருப்பித் தரலாம் என்றது. சந்தையின் மிகப் பெரிய வாங்குபவர் ஒரே நாளில் ஒதுங்கினார். செப்டம்பர் 4இல் ஆளுநரான ரகுராம் ராஜன், வெளிநாட்டு இந்தியரின் மூன்றாண்டு டாலர் வைப்புகளை 3.5 சதவீதச் செலவில் ரூபாயாக மாற்றிக்கொள்ள வங்கிகளுக்கு வழி திறந்தார். இந்த ஏற்பாட்டாலும், வங்கிகள் வெளிநாட்டில் வாங்கிய கடனாலும் சுமார் 3,400 கோடி டாலர் வந்தது.

அமெரிக்கா பத்திரக் கொள்முதலைக் குறைக்காமல் விட்டதால்தான் ரூபாய் பிழைத்தது என்பார்கள். அந்த அறிவிப்பு வந்தது செப்டம்பர் 18இல். அதற்கு முன்பே டாலர் 63 ரூபாய்ச் சொச்சத்துக்கு இறங்கிவிட்டது. சிரியா அச்சம் தணிந்ததும் உதவியது என்றால் மறுக்க மாட்டேன். அதுவும் எண்ணெயின் வழியாக வந்த உதவிதானே? வட்டி வீண் என்று இதற்குப் பொருளில்லை. டாலர் வைப்பைக் கொண்டுவந்ததும் வட்டிதான். ஆனால் அங்கே நாணய மாற்று அபாயத்தை ரிசர்வ் வங்கியே சுமந்தது; ஜூலையில் அந்தப் பாதுகாப்பு யாருக்கும் இல்லை. டாலர் வைப்பு வெறும் கடன் வாங்கிய அவகாசம் என்ற குறை நியாயமானதே. அந்த வைப்புகள் 2016 இறுதியில் முதிர்ந்து, 2,000 கோடி டாலருக்கு மேல் வெளியே போனது. அப்போது பீப்பாய் விலை 50 டாலரை ஒட்டியே இருந்தது.