கல்லீரலுக்கு மில்க் திசில்... கேப்ஸ்யூல் வாங்குறதுக்கு முன்னாடி இதைப் படிச்சிடுங்க!

மாஸ்டர் ஹெல்த் செக்கப்ல 'ஃபேட்டி லிவர்'னு வந்ததும் நம்மில் பலர் செய்யற முதல் வேலை, மொபைலை எடுத்துத் தேடுறதுதான். அப்படித் தேடினால் கண்ணில் படும் பெயர்களில் ஒன்று, மில்க் திசில். அது என்ன செடி, நிஜமாவே வேலை செய்யுமா?

எந்த ஊர்ச் செடி?

சிலிபம் மரியானம் என்ற இந்தச் செடி, சூரியகாந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. தாயகம், மத்தியதரைக்கடல் பகுதி. ஊதா நிறப் பூ, முள் விளிம்புள்ள இலை, இலை நரம்புகளில் பாலை ஊற்றியதுபோல் வெள்ளை வரிகள். மரியன்னையின் பால் சிந்தி உண்டான வரிகள் என்கிறது ஐரோப்பிய நம்பிக்கை. அதனால்தான் பெயரிலேயே 'மரியானம்'!

சாப்பிடலாமா?

தாராளமா! அந்த ஊர்களில் இளம் இலைகளின் முள்ளை நறுக்கிவிட்டு கீரைபோல வேகவைக்கிறார்கள். தண்டைத் தோல் சீவிச் சமைக்கிறார்கள். விதையை வறுத்துக் காபிக்குப் பதிலாகவும் குடித்திருக்கிறார்கள்.

மருந்து எங்கே இருக்கு?

விதையில். அதிலுள்ள சிலிமரின் என்ற கூட்டுப்பொருள்தான் கேப்ஸ்யூலில் வருகிறது. இது தண்ணீரில் சரியாகக் கரையாது. அதனால, டீ போட்டுக் குடிச்சா பெரிய பலன் கிடைக்காது.

ஐரோப்பாவில் 'டெத் கேப்' என்ற விஷக்காளானைச் சாப்பிட்டவர்களுக்கு, சிலிமரினின் முக்கியப் பகுதியான சிலிபினினை மருத்துவமனையில் ஊசி மூலம் செலுத்துகிறார்கள். ஆனால், கேப்ஸ்யூல் கதை வேறு. ஹெபடைட்டிஸ் சி நோயாளிகள் 154 பேரிடம் அமெரிக்காவில் நடத்தி, 2012-ல் வெளியான ஆய்வில், சிலிமரின் சாப்பிட்டவர்களுக்கும் வெற்று மாத்திரை சாப்பிட்டவர்களுக்கும் கல்லீரல் என்சைம் அளவில் குறிப்பிடத்தக்க வித்தியாசம் தெரியவில்லை. ஃபேட்டி லிவரிலும் எடைக் குறைப்பு, நடை, மதுவை விடுவது ஆகியவற்றுக்கு இது மாற்று இல்லை. 'வீக் எண்டு பார்ட்டி, மண்டே கேப்ஸ்யூல்' கணக்கு எடுபடாது பாஸ்!

யார் உஷாரா இருக்கணும்?

சாமந்தி, கெமோமில் போன்ற செடிகளால் அலர்ஜி வருபவர்களுக்கு இதுவும் அலர்ஜியைத் தரலாம். சிலருக்கு வயிற்றுப்போக்கு, குமட்டல் வரும். சர்க்கரை அளவு குறையலாம் என்பதால், சுகர் மாத்திரை எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் தொடக் கூடாது. கர்ப்பிணிகளும் அப்படியே.

ரோட்டோரச் செடியைப் பறிச்சிடாதீங்க!

இதுதான் ரொம்ப முக்கியம். நம்ம ஊர் தரிசு நிலங்களில் இதேபோல வெள்ளை வரியும் முள்ளும் உள்ள இலையோடு ஒரு செடி நிற்கும். அது பிரம்மதண்டு, குடியோட்டிப்பூண்டு என்றும் சொல்வார்கள். பூ மஞ்சள், உடைத்தால் வடியும் பாலும் மஞ்சள். கடுகு மாதிரியே இருக்கும் அதன் விதை நச்சு. 1998-ல் டெல்லியில் கடுகு எண்ணெயில் இந்த விதையின் எண்ணெய் கலந்ததால், உடல் வீங்கி 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். போட்டோவை மட்டும் பார்த்து 'இதுதான் அது'னு முடிவு பண்ணிடாதீங்க.

கண்ணு மஞ்சளா இருக்கா, யூரின் அடர் மஞ்சளா போகுதா, வயிறு வீங்குதா? அப்போ தேட வேண்டியது கேப்ஸ்யூலை இல்லை, டாக்டரை!