நுங்கம்பாக்கத்தில் கண்ட நட்சத்திரம்

அரசு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவர்களுக்குத் தெரியும்: குறிப்பு எழுதுவது ஒருவர், கையெழுத்து இன்னொருவருடையது. அதனால்தான் சிந்தாமணி ரகுநாதாச்சாரியின் கதை எனக்குப் பிடிக்கும்.

சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த வானாய்வுக் கூடத்தில், போக்சன் துரையின் கீழ் அவர் உதவியாளர். 1867-இல், தெற்கு அடிவானத்துக்குச் சற்று மேலே, ரெட்டிகுலம் என்ற நட்சத்திரக் கூட்டத்தில், ஒளி கூடிக் குறையும் நட்சத்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார். ஐரோப்பாவிலிருந்து அது தெரியாது. அந்தக் கூட்டத்துக்குப் பெயர் வைத்தவர் லக்காய் என்ற பிரெஞ்சு வானியலாளர். நாங்கள் பள்ளியில் படித்த பிரெஞ்சில் ‘ரெத்திக்குல்’ என்றால் தொலைநோக்கிக்குள் குறி பார்க்கக் கட்டும் இழைவலை.

‘ஆர் ரெட்டிகுலி’ என்ற அந்த நட்சத்திரம் சுமார் 278 நாளுக்கு ஒருமுறை பிரகாசித்து மங்குகிறது. காரணம் முதுமை. நடுவிலிருந்த ஹைட்ரஜன் தீர்ந்து, ஊதிப் பெருத்து, சிவந்து, மூச்சு வாங்குவதுபோல் விரிந்து சுருங்குகிறது. மேற்போர்வை கொஞ்சம் கொஞ்சமாக வெளியே கழன்று போகும். கடைசியில் மிஞ்சுவது பூமியளவே உள்ள ‘வெள்ளைக் குள்ளன்’. சுமார் 500 கோடி ஆண்டு கழித்து நம் சூரியனும் இந்த வழியில்தான் போகும்.

ரகுநாதாச்சாரி காலத்தில் இந்தக் காரணம் உலகில் எவருக்கும் தெரியாது. இரவுக்கிரவு பார்த்துப் பதிவு செய்வதே வேலை. 1872-இல் லண்டன் ராயல் வானியல் கழகம் அவரை உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டது. 1880-இல் காலமானார். கூடம் 1899-இல் கொடைக்கானலுக்குப் போய்விட்டது. ஆனால் அந்த நட்சத்திரத்தைக் கண்டவர் என்ற இடத்தில் இன்றும் இருப்பது துரையின் பெயரல்ல, உதவியாளரின் பெயர்.