சுரண்டினால் சிவப்பு

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவுக்குப் பழைய பட்டுப்புடவை வாங்குகிறவர் ஒருவர் வருவார். மொபெட், பின்னால் துணி மூட்டை, பைக்குள் சின்னத் தராசு. போன வருடம் அம்மா இரண்டு புடவைகளை எடுத்துவந்து திண்ணையில் போட்டாள். ஒன்று 1981-இல் நடந்த அவளுடைய கல்யாணப் புடவை. இன்னொன்று அக்காவினுடையது, 2009. அவர் அம்மா புடவையின் முந்தியில் ஓர் ஜரிகை இழையை நகத்தால் சுரண்டினார். உள்ளே சிவப்புப் பட்டு நூல். தலையாட்டிக்கொண்டே எடை போட்டார். அக்கா புடவையையும் சுரண்டினார். மடித்துத் திருப்பித் தந்துவிட்டார்.

“இது வேணாம்மா. இதுல எடுக்கறதுக்கு ஒண்ணுமில்ல.”

இருபத்திரண்டாயிரம் கொடுத்து வாங்கிய புடவை. அதுவும் ஒரு நெசவாளி வீட்டில்.

எனக்கு அப்போது ஞாபகம் வந்தது ஒரு கார். பெருங்களத்தூரில் நான் கொஞ்ச காலம் வேலை பார்த்த ஐடி வளாகம் இருக்கும் இடத்தில்தான் ஒருகாலத்தில் ஸ்டாண்டர்ட் மோட்டார் கம்பெனியின் தொழிற்சாலை இருந்தது. ஹெரால்டும் கெஸலும் அங்கே செய்தவை. 1985-இல் ‘ஸ்டாண்டர்ட் 2000’ என்று ஒரு சொகுசுக் காரை இறக்கினார்கள். உடம்பு பிரிட்டனின் ரோவர் எஸ்டி1. 1977-இல் ஐரோப்பாவின் சிறந்த கார் என்று பரிசு வாங்கிய வடிவம். ஆனால் பானட்டைத் திறந்தால் வான்கார்ட் காலத்துப் பழைய 1991 சிசி எஞ்சின், சுமார் 83 குதிரைத்திறன். புது எஞ்சினுக்கு ஆகும் செலவை மிச்சம் பிடித்துவிட்டார்கள். அவ்வளவு பெரிய உடம்பை அந்த எஞ்சின் இழுக்கத் திணறியது. வாங்கியவருக்கு அது தெரியவர ஒரு மேம்பாலம் போதும். 1988-இல் உற்பத்தி நின்றுபோனது.

கார் மூன்று வருடத்தில் மாட்டிக்கொண்டது. புடவை மாட்டிக்கொள்ள ஒரு தலைமுறை ஆகிறது. கட்டுகிறவள் வருடத்துக்கு நாலு தடவை கட்டுவாள், மற்ற நாள் பீரோவுக்குள். உள்ளே என்ன இருக்கிறது என்று யார் சுரண்டிப் பார்க்கப் போகிறார்கள்?

காஞ்சிபுரம் ஜரிகை என்றால் பட்டு நூலின்மேல் தட்டையாக்கிய வெள்ளிக் கம்பியைச் சுற்றி, தங்க முலாம் பூசியது. மார்க் கணக்கில் வாங்குவார்கள். ஒரு மார்க் 242 கிராம். 2005-இல் புவிசார் குறியீடு கிடைத்தபோது ஜரிகைக்குச் சொல்லப்பட்ட அளவு, வெள்ளி 57 சதவீதம், தங்கம் 0.6. வெள்ளி விலை ஏற ஏற அது இறங்கியது. தமிழ்நாடு ஜரிகை நிறுவனத்தின் அளவு வெள்ளி 40, செம்பு 35.5, பட்டு 24, தங்கம் 0.5 என்று ஆனது. இதில் எனக்குப் பெரிய வருத்தமில்லை, சொல்லிவிட்டுத்தானே குறைத்தார்கள். சொல்லாமல் குறைத்ததுதான் எங்கள் வீட்டு பீரோவில் கிடக்கிறது: செம்புக் கம்பிக்கு வெள்ளி முலாம் போட்ட ‘ஹாஃப் ஃபைன்’. அதற்கும் கீழே பாலியஸ்டர்மேல் பளபளப்பு ஏற்றியது.

அந்தப் புடவையில் பட்டு முத்திரை இருந்தது. முத்திரை பொய்யில்லை, பட்டு பட்டுதான். 2004-இல் வந்த அந்த முத்திரை நூலைப் பற்றித்தான் பேசும், ஜரிகையைப் பற்றி வாயே திறக்காது. 1985-ஆம் வருடத்துக் கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டமும் அப்படித்தான். தறி எது என்று கேட்கும், தறியில் போட்டது எது என்று கேட்காது. எங்கள் அலுவலகத்தில் எல்லா டெஸ்டும் பச்சையாக ஓடி, கஸ்டமரிடம் போய் மென்பொருள் படுத்துக்கொள்ளும், அந்த மாதிரி.

குறைத்ததெல்லாம் தப்பென்று சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. உடலுக்கு ஒரு நிறம், கரைக்கு ஒரு நிறம் என்று மூன்று நாடா ஓட்டி நெய்வது கோர்வை. நெய்கிறவர் பக்கத்தில் இன்னொரு ஆள் வேண்டும். அந்த ஆள் பெரும்பாலும் ஒரு சிறுவன். நாலாவது படிக்கும்போது லீவு நாட்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். முதுகு வலி இன்னும் நினைவிருக்கிறது. பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் கோர்வைக்கு ஆள் கிடைப்பது கஷ்டமாகி, ஒற்றை ஆள் நெய்யும் புடவைகள் பெருகின. கரையின் சேர்மானத்தில் தெரியும் அந்த அழகு போனதில் எனக்கும் வருத்தம்தான். ஆனால் நான் இன்ஜினியரிங் படித்தது அப்படிப் போனதால்தான்.

ஜரிகையில் மிச்சம் பிடித்த காசு எந்தப் பையனையும் படிக்க வைக்கவில்லை. நெசவாளியின் கூலியிலும் சேரவில்லை.

போன தை மாதம் அக்கா மகளுக்கு மஞ்சள் நீராட்டு. அக்கா நாலாயிரத்துக்கு ஆன்லைனில் ஒரு புடவை வாங்கினாள், மிச்சப் பணத்துக்குத் தங்கக் காசு. “அதையாவது அடகு வைக்கலாம்டா” என்றாள். அப்பா எதுவும் சொல்லவில்லை. நாற்பது வருடம் தறிக்குழியில் கால் வைத்து இருந்தவர்.

ராத்திரி நான்தான் கேட்டேன். “முதலாளி குடுக்கற ஜரிகை நல்லதா இல்லையான்னு நெய்யும்போதே தெரியுமாப்பா?”

“கைக்குத் தெரியாதா?”

“அப்புறம் ஏன் சொல்லல?”

“யார்கிட்ட சொல்றது? வாங்கறவங்கள நான் பார்த்ததே இல்லியேடா.”