லினக்ஸ் அப்கிரேடும் ஒரு பேரேடும்

பி.காம். படிப்பவனுக்கு லினக்ஸில் என்ன வேலை என்கிறீர்களா? கணக்குப்பதிவுக்கும் அதற்கும் உறவு உண்டு.

அக்கா ப்ளஸ் டூ படித்தபோது அரசு கொடுத்த லேப்டாப் எங்கள் பிள்ளைப்பாக்கம் வீட்டில் இருந்தது. 2011ல் தொடங்கிய அந்தத் திட்டத்தில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் போட்டுக் கொடுத்தார்கள். சென்னை சி-டாக் 2007ல் வெளியிட்ட பாஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. ஒருநாள் அதில் அப்கிரேடை ஓடவிட்டேன். பாதியில் கரண்ட் போய்விட்டது! பேட்டரியோ எப்போதோ செத்துப்போனது. அப்பாவின் கடைக் கணக்கு முழுவதும் அதில்தான். அன்றிரவு தூக்கமே இல்லை.

மறுநாள் ஒரு சீனியர் அண்ணன் சொன்ன கட்டளையைத் தட்டினேன். விட்ட இடத்திலிருந்து வேலை தொடர்ந்தது. எப்படி?

ஆரம்பகால யுனிக்ஸில் மூலநிரலை இறக்கி நாமே தொகுத்து நிறுவ வேண்டும். எந்த ஃபைல் எந்த மென்பொருளுடையது என்று தனியாகக் கணக்கு கிடையாது. 1993ல் இயன் மர்டாக் டெபியனைத் தொடங்கினார். அதன் டிபிகேஜி நிரலை 1994ல் இயன் ஜாக்சன் பெரும்பாலும் சி மொழியில் திருப்பி எழுதினார். ஒவ்வொரு பேக்கேஜும் பிரிக்கப்பட்டதா, அமைக்கப்பட்டதா, பாதியில் நிற்கிறதா என்று அது குறித்து வைக்கிறது. நம் பேரேடு மாதிரியேதான்! என்னைக் காப்பாற்றியது அந்தப் பதிவுதான்.

1999ல் டெபியன் 2.1உடன் வந்த ஆப்ட், ஒரு பேக்கேஜுக்குத் தேவையான மற்றவற்றையும் தானே கொண்டுவந்தது. ஆனால் வருவது அசல்தானா? 2003 நவம்பரில் டெபியன் சர்வர்கள் சிலவற்றுக்குள் யாரோ புகுந்தார்கள். நல்லவேளை, பேக்கேஜ்கள் தப்பின. 2007ல் வந்த டெபியன் 4.0 முதல் ஆப்ட் டிஜிட்டல் கையொப்பத்தைச் சரிபார்க்கிறது, வங்கியில் செக்கைப் பார்ப்பதுபோல.

கையொப்பமும் போதாது என்று 2024 மார்ச்சில் தெரிந்தது. எக்ஸ்இசட் மென்பொருளில் பின்கதவு வைத்தவர் அதன் பராமரிப்பாளர்களில் ஒருவரே! டெபியனின் ஸ்டேபிள் பதிப்புக்குள் நுழையும் முன்பே ஆண்ட்ரெஸ் ஃப்ராயிண்ட் அதைக் கண்டுபிடித்துவிட்டார். புதியதைச் சோதித்து, காத்திருந்து சேர்க்கும் வழக்கத்தின் பலன் அது.

ஆகவே நண்பர்களே, முதலில் பேக்கப். அடுத்து, எதையெல்லாம் நீக்கப் போகிறேன் என்று ஆப்ட் காட்டும் பட்டியலைப் படித்துவிட்டே "ஆம்" சொல்லுங்கள். பேட்டரியையும் பாருங்கள். டிபிகேஜியின் பேரேடு பேக்கேஜ்களை மட்டுமே அறியும்; அப்பாவின் கணக்கைக் காப்பது நம் பொறுப்பு.

உங்களுக்கும் இப்படி நடந்திருக்கிறதா? சொல்லுங்கள்.