சாய்ந்த தரை

அமெரிக்காவின் மெம்ஃபிஸ் நகரில், கறுப்பர்களின் ஸோல் இசைக்கான ஸ்டாக்ஸ் மியூசியத்தில் ஒலிப்பதிவுக் கூடத்தின் தரை சாய்வாக இருக்கிறது. 1960இல் ஜிம் ஸ்டூவர்ட்டும் அவருடைய அக்கா எஸ்டெல் ஆக்ஸ்டனும் இந்த இடத்திலிருந்த பழைய சினிமாக் கொட்டகையை வாடகைக்கு எடுத்தார்கள். நாற்காலிகளை அகற்றினார்கள், தரையைச் சமன்செய்யப் பணமில்லை. இருவரும் வெள்ளையர், இருவருமே வங்கியில் வேலை பார்த்தவர்கள் என்பதை, அதே தொழில் செய்யும் நான், சற்றுக் கூச்சத்துடன் குறிப்பிடுகிறேன். ஒலிப்பதிவு யந்திரம் வாங்க எஸ்டெல் தம் வீட்டையே அடமானம் வைத்திருந்தார்.

சரிவில் பட்டுத் திரும்பிய கனத்த சப்தம் ஸ்டாக்ஸின் அடையாளமாயிற்று. நிறப் பிரிவினை ஊறிப்போயிருந்த நகரத்தில், 1962இல் 'கிரீன் ஆனியன்ஸ்' இசைத்தட்டை வாசித்த நால்வரில் மூவர் கறுப்பர், ஒருவர் வெள்ளையர். கொட்டகையில் மிட்டாய் விற்ற இடத்தில் எஸ்டெல் இசைத்தட்டுக் கடை வைத்திருந்தார். பாட்டுக் கேட்க வந்த தெருப் பையன்களில் சிலர் உள்ளே போய் வாசிக்கவும் ஆரம்பித்தார்கள். எதிரே மளிகைக் கடையில் வேலை பார்த்த டேவிட் போர்ட்டர் பாடலாசிரியரானார்.

1967 டிசம்பரில் ஓட்டிஸ் ரெட்டிங் விமான விபத்தில் இறந்தார். 1968 ஏப்ரல் 4 அன்று மார்ட்டின் லூதர் கிங் சுடப்பட்ட லொரெய்ன் மோட்டல், ஸ்டாக்ஸ் கலைஞர்கள் தங்கிப் பாட்டெழுதிய இடம். அதன்பின் பழைய சகஜம் திரும்பவில்லை. 1975 டிசம்பரில், கடன் கொடுத்த வங்கியின் நடவடிக்கையால் ஸ்தாபனம் திவாலாயிற்று. 1981இல் கட்டிடம் ஒரு சர்ச்சுக்குப் பத்து டாலருக்குக் கைமாறியது; 1989இல் இடிக்கப்பட்டது. பேரேட்டில் கட்டிடத்துக்கும் கடனுக்கும் பத்தி உண்டு. தெருவிலிருந்து உள்ளே வந்த பையனுக்கு இல்லை.

2003இல் அதே இடத்தில் மியூசியம் எழுந்தபோது சாய்வையும் திரும்பக் கட்டினார்கள். அன்று காசில்லாமல் விட்ட குறை, இன்று காசு செலவழித்துச் செய்த பாவனை. இதைக் கேலி செய்ய மனம் வரவில்லை. இழப்பை உணர்ந்தவர்கள் செய்த காரியம் அது. ஆனால் மரபு என்பது இந்தச் சரிவில் இல்லை என்றே படுகிறது. பக்கத்திலேயே ஸ்டாக்ஸ் இசைப்பள்ளி இருக்கிறது. இளைஞர்கள் அங்கே கற்று, மேடையேறுகிறார்கள். மியூசியம் பார்க்கப் போகிறவன் அவர்கள் வாசிப்பதையும் கேட்டுவிட்டு வரவேண்டும். அவர்கள் கையில் இந்த இசை என்னவாக மாறும் என்று மியூசியத்தால் சொல்ல முடியாது. 1960இல் ஸ்டூவர்ட்டுக்கும் அது தெரிந்திருக்கவில்லை.